சான்று எண் 417

ஈசூனில் நாலாவது மாடி,
துணி அலமாரியின் கீழ்த்தட்டு.
கொண்டுபோன பை கிழிந்திருந்ததால்
அந்த வீட்டிலேயே தலையணை உறை கேட்டு வாங்கினோம்.
உறையில் கால்பந்துகள் அச்சிட்டிருந்தன.
பந்து மலைப்பாம்பு. ஆண். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பெயர் என்றொரு கட்டம்
எங்கள் படிவத்தில் இல்லை.

முதல் வாரம் தொடக் கூடாது.
தண்ணீரை மாற்று, கதவை மூடு, வெளியே போ.
டாக்டர் கியோக் லிங் தந்த வைத்தியம் இவ்வளவுதான்.

எட்டாம் நாள்
உறைந்த எலியை வெந்நீரில் மிதக்கவிட்டேன்.
என் கூந்தல் உலர்த்தியால்
தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன்
(உலர்த்தி இனி வீடு திரும்பாது).
இடுக்கியில் பிடித்து
உயிருள்ளதுபோல் ஆட்டினேன்.
பட்டயம் வாங்கி ஆறு வருடம் கழித்து
செத்த எலிக்கு நடனம் சொல்லிக்கொடுத்தேன்.
நாக்கு ஒருமுறை வெளியே வந்து போயிற்று.
பிறகு தலையைத் தன் சுருளுக்குள்ளேயே செருகிக்கொண்டது,
வேண்டாத விருந்தாளியின் குரல் கேட்டு
உள்ளறைக்குப் போகிறவரைப்போல.

உண்ணவில்லை என்று எழுதினேன்.
பன்னிரண்டாம் நாள்: உண்ணவில்லை. 598.
பதினைந்தாம் நாள், கறுப்பு எலி: உண்ணவில்லை. 591.

கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினேன்.
தெங்காவிலிருந்து போர் விமானம் கிளம்பும்போதெல்லாம்
தண்ணீர்க் கிண்ணத்தில் வளையங்கள்.
பாம்பு தாடையால் கேட்கும் என்கிறார்கள்.
இவ்வளவு சத்தத்தையும் கேட்ட தாடையால்
எப்படி விழுங்குவது?

பால் ஊற்றிப் பாரேன் என்றார்
கூட்ட வரும் கோசலை அக்கா.
பால் வார்த்தால் கடிக்கும் என்பதற்குப் பழமொழி இருக்கிறது.
எதை வார்த்தாலும் திரும்பிப் பார்க்காததற்கு
நம்மிடம் ஒன்றுமே இல்லை.

பதினேழாம் நாள். இரவுப் பணி.
975-இன் கடைசி வண்டி போய்விட்டது.
மீட்பு எண் அடித்தது.
கூட்டிலிருந்து விழுந்த மைனாவாக இருக்கும் என்று
பேனாவைத் திறந்தேன்.

"புராட்டா சாப்பிட்டாச்சா?"

உடைந்துகொண்டிருக்கும் பையன் குரல்.
இது கடையில்லை தம்பி.
என்னைக் கேட்கிறாய் என்றால், இல்லை, பிஸ்கட்தான்.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"அதில்லக்கா. புராட்டா.
சுருண்டா அப்படித்தான் இருப்பான்.
நீங்கதானே அன்னிக்கு உறை கேட்டீங்க."

பெயரைக் கேட்டிருக்க வேண்டும். விதி அப்படி.
இன்னும் சாப்பிடவில்லை என்றேன்.

"ஷூ பெட்டி குடுங்க. பெருசு வேணாம்.
எல்லாப் பக்கமும் உடம்புல இடிக்கணும்.
எலிய வாசல்ல வச்சிட்டுப் போயிடுங்க.
ஆட்டாதீங்க. ஆட்டினா பயந்துக்குவான்."

வைத்துவிட்டான்.

எங்கள் தொட்டி நாலடி நீளம்.
தாராளம் என்று நினைத்திருந்தோம்.

என் லாக்கரில், தேக்காவில் வாங்கிய செருப்பின் பெட்டி,
அளவு முப்பத்தெட்டு, விலைச்சீட்டு உரிக்கவில்லை.
ஒரு பக்கம் ஓட்டை வெட்டி உள்ளே வைத்தேன்.
அது விளிம்பை முகவாயால் தொட்டுத் தொட்டு
ஏதோ கையெழுத்தைப் படிப்பதுபோல் நின்றது.
பிறகு போயிற்று, கொஞ்சம் கொஞ்சமாக,
வால் நுனிவரை.
மூடி லேசாகப் புடைத்தது.

எலியை வாசலில் வைத்தேன்.
விளக்கை அணைத்து
வெளியே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம்.
அட்டை ஒருமுறை உரசியது.
அது எதற்கும் சாட்சியாகாது.

விடிந்தபோது வாசல் காலி.
பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை.
உண்டது என்று எழுதினேன்.
மையைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது,
அடுத்த தாளிலும் தெரிகிறது.

அழைத்தவர் எண்: மறைக்கப்பட்டது.

அடுத்த மூன்று இரவும் பணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.
மைனா. குழாய்க்குள் பூனை. மறுபடி மைனா.
ஹலோ என்பதற்குப் பதில்
சாப்பிட்டாச்சு என்றுதான் எடுத்தேன்.
ஜூரோங்கில் படிக்கட்டில் உடும்பைக் கண்ட ஒரு அம்மா
சற்றே தயங்கி,
"நானும்மா" என்றார்.